போகியன்று விளக்கிய தோசைக்கல்

உத்திரமேரூரில் எந்த வீட்டில் தோசை ஒட்டினாலும் கடைசியில் எனக்குத்தான் போன் வரும். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத உட்கார்ந்தால் எழுத்து கோணும். தோசை கோணாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முப்பத்தோரு வருடமாக என் டிபன் கடை நடக்கிறது. ஒரு நாற்காலி, ஒரு அடுப்பு, ஒரு கல் என்று நான் தனி ஆளாக ஆரம்பித்தது. இன்றைக்கு மூன்று கல் காய்கிறது. என் புருஷன் கடையில் செய்த ஒரே வேலை, சாப்பிட்டுவிட்டு உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னதுதான்.

பெரிய பெரிய படிப்பு படித்த பெண்கள் எல்லாம் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். மதுராந்தகத்திலிருந்து ஒரு பெண் போனில் படம் எடுத்தே அனுப்பியது. "ஆன்ட்டி, புதுக் கல்லு வாங்கி மூணு நாள் ஆவுது, ஒரு தோசை கூட முழுசா வரல, பேஜாரா கீது." படத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன், சோப்புப் போட்டுக் கழுவினாயா என்று. ஆமாம் என்றது. இரும்புக் கல்லுக்குச் சோப்புப் போடக் கூடாது, கம்பி நார் ஆகாது, புளி அறவே கூடாது. கறுப்பு என்றால் அழுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். அழுக்கில்லை. எண்ணெய் குடித்துக் குடித்து ஏறின கறுப்பு. அந்தக் கறுப்புதான் தோசையைத் தூக்கிக் கொடுக்கிறது.

இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒன்பது வயதில், சுற்று வட்டாரத்தில் பெயர் போன ஒரு கல்லை என் கையாலேயே கெடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையை எங்கள் சொந்தத்தில் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களுக்கும் பாதிதான் தெரியும்.

எங்கள் வீடு சாலவாக்கத்தில். கொஞ்சம் நிலம், ஏரிப் பாசனம், இரண்டு மாடு. அடுக்களைச் சுவரில் உயரமாக ஓர் ஆணி இருக்கும், அதில் தோசைக்கல் தொங்கும். அது எப்போது வீட்டுக்கு வந்தது என்று அப்பாவுக்கே தெரியாது. ஓரத்தில் ஒரு சின்ன உடைப்பு. நடுவில் லேசான பள்ளம். காக்கா இறகு மாதிரி கறுத்து மினுங்கும். அப்போதெல்லாம் தோசை நினைத்த நாளில் கிடைக்காது. தீபாவளி, பொங்கல், வீட்டுப் பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருகிற நாள், அவ்வளவுதான்.

அந்தக் கல் அம்மாவின் கைக்குத்தான் அடங்கும் என்று ஒரு பேச்சு. சின்ன அத்தை ஒரு முறை, நான் ஊற்றிக் காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தாள். வந்த தோசைகள் எல்லாம் நாய் கடித்த துணி போல இருந்தன. அம்மா உட்கார்ந்தாள். அதே கல், அதே மாவு. ஓரம் தானாக எழும்பி நின்றது. அன்றிலிருந்து வேறு யாரும் அந்தக் கல்லைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

மாட்டுப் பொங்கலன்று அப்பாவின் உடன்பிறந்தவர்கள் மூன்று அத்தைகளும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். கறிக்குழம்பும் தோசையும். பத்தொன்பது இருபது பேர். அம்மா காலையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் உச்சி வெயிலுக்குத்தான் எழுந்திருப்பாள். பிறகு பாத்திரம், பிறகு மாட்டுக்குப் பொங்கல், பிறகு அத்தைகளுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்புவது.

அம்மா பிறந்த ஊர் பழையசீவரம். பாலாற்றுக்கு அந்தக் கரை. மாட்டுப் பொங்கல் என்றால் அந்த ஊருக்குத் திருவிழா. காஞ்சிபுரத்துப் பெருமாள் அங்குள்ள மலைக்கு வருவார். இந்தக் கரையில் திருமுக்கூடலில் எல்லாப் பெருமாளும் சந்திப்பார்கள். எங்கள் சாலவாக்கத்துப் பெருமாளே அன்றைக்குக் கிளம்பிப் போய்விடுவார். ஊரே அவர் பின்னால் போகும். எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். அம்மா மட்டும் கையில் தோசைத் திருப்பியோடு வாசல் வரை வந்து கும்பிட்டுவிட்டு, கல் காய்கிறது என்று உள்ளே ஓடிவிடுவாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் ஒரு மாட்டுப் பொங்கலுக்குக்கூட அவள் பிறந்த ஊர் போனதில்லை.

அந்த வருடம் மார்கழிக் கடைசியில் ஒரு கார்டு வந்தது. அதை வாசித்தது நான்தான். வீட்டில் அப்போது தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. கோலார் பக்கம் கட்டிக்கொடுத்த சித்தி எழுதியிருந்தாள். போய் ஐந்து வருடமாகிறது, ஒரு முறைகூட வரவில்லை. பொங்கலன்று சாயந்தரம் பழையசீவரம் வருகிறாள், காணும் பொங்கலன்று விடியற்காலை ரயிலுக்குத் திரும்பிவிட வேண்டும், அவள் வீட்டுக்காரருக்கு அவ்வளவுதான் லீவு. குழந்தைக்கு ஆறு மாதம். அக்கா கட்டாயம் வர வேண்டும், இந்தத் தடவை விட்டால் எப்போது என்று தெரியாது. 'கட்டாயம்' என்ற சொல்லை நான் இரண்டு முறை எழுத்துக் கூட்டினேன். மற்றதெல்லாம் கடகடவென்று வாசித்தேன்.

அப்பா சாப்பிடும்போது அம்மா பேச்செடுத்தாள்.

"சின்னவ வர்றாளாம். மாட்டுப் பொங்கலன்னிக்கு நானு ஒரு எட்டு போய்ட்டு வந்துடட்டுமா?"

"போயேன். யாரு வாணான்றது? தோசையப் போட்டுட்டுப் போ."

"தோசை போட்டு முடிக்கவே உச்சி ஆயிடுமே. அண்ணிங்க பொழுது சாயற வரைக்கும் இருப்பாங்க. அப்பறம் எங்க போறது?"

"அதுக்கு நான் இன்னாமே பண்றது? அக்கா தங்கச்சிங்க வருசத்துக்கு ஒரு தபா வர்றதே உன் தோசைக்குத்தான். அந்தக் கல்லு உன் பேச்சத்தானே கேக்குது?"

அப்பா இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

போகி வந்தது. விடியும் முன்பே பழைய பாயையும் முறத்தையும் கொளுத்திவிட்டு, வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, சாமான்களை எல்லாம் கிணற்றடியில் கொண்டுவந்து போட்டார்கள். பாத்திரம் விளக்குவது என் பங்கு. அதில் நான் சூரி. இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பித்தளைக்குப் புளியும் செங்கல் தூளும், அலுமினியத்துக்குச் சாம்பல், அடிப்பிடித்த பாத்திரத்துக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு ஆறின பிறகு தேய்க்க வேண்டும். ஒன்பது வயதிலேயே இதெல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களை அவரவர் அம்மா என்னைக் காட்டித்தான் திட்டுவார்கள்.

தவலை, செம்பு, குத்துவிளக்கு எல்லாம் முடித்துவிட்டுப் பார்த்தால் குவியலின் அடியில் தோசைக்கல் கிடந்தது. அடுப்புக்கு இறங்குமே தவிர, கிணற்றடிக்கு அது வந்து நான் பார்த்ததே இல்லை. எட்டாத உயரத்து ஆணியில் இருக்கிற சாமான். அம்மா சற்றுத் தள்ளி நின்று சுவருக்குக் காவி பூசிக்கொண்டிருந்தாள்.

"இதுவுமாம்மா?" என்றேன்.

அம்மா திரும்பவில்லை. "இன்னிக்குப் போகிதானேடி" என்றாள்.

எனக்குச் சொல்ல வேண்டுமா? புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு என்று சொல்லலாம் என்றால் அப்போது பாவாடைதான். அதைச் சொருகிக்கொண்டு கல்லின் மேல் ஏறாத குறையாக உட்கார்ந்தேன். முதலில் புளியைப் பூசி வெயிலில் ஊறவிட்டேன். பிறகு செங்கல் தூள், தேங்காய் நார். கறுப்பு முதலில் அசைந்தே கொடுக்கவில்லை. பிறகு ஓரத்தில் கொஞ்சம் பெயர்ந்தது. ஒரு இடத்தில் பெயர்ந்துவிட்டால் என்னை யாரும் நிறுத்த முடியாது. மற்ற பிள்ளைகள் கரும்பு கடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. உச்சி வெயில் சாயும்போது அந்தக் கல் கெண்டை மீனின் வயிறு மாதிரி வெளுத்திருந்தது. குனிந்தால் என் முகம் கலங்கலாகத் தெரிந்தது.

அம்மா வந்து பார்த்தாள். நான் நிமிர்ந்து நின்றேன். கல்லை வாங்கித் துணியால் ஈரம் போகத் துடைத்து, ஆணியில் மாட்டினாள். விளக்கிய முகம் சுவரைப் பார்க்க, முதுகு வெளியே தெரிய மாட்டினாள். முதுகில் கரி அப்படியேதான் இருந்தது. இவ்வளவு பாடுபட்டு விளக்கியதை யாரும் பார்க்க முடியாதபடி மாட்டிவிட்டாளே என்று எனக்குக் கோபம்.

மறுநாள் பொங்கல். பொங்கல் வைத்துச் சாப்பிட்டு, மத்தியானம் அம்மா ஆட்டுக்கல்லில் மாவரைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அரிசி மாவை ஒரு விரல் எடுத்து நக்கினேன். நறநறவென்று பல்லில் பட்டது.

"இன்னும் அரையலமா."

"போதும்டி" என்று வழித்தாள். உளுந்து மட்டும் பொங்கப் பொங்க, தண்ணீர் தெளித்துத் தெளித்து நெடுநேரம் அரைத்தாள்.

மாட்டுப் பொங்கல் காலை. மூன்று அத்தைகளும் வந்தாயிற்று. குழம்பு மணம் தெருமுனை வரை. மாமாக்களும் பிள்ளைகளும் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா தலைக்குக் குளித்து, பூ வைத்து, நல்ல புடவை கட்டி அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். கல்லை ஏற்றினாள். தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். எண்ணெய் தடவினாள். எப்போதும் செய்கிற அதே பக்குவம். கொஞ்சம் மாவை ஒரு கிண்ணத்தில் கரைத்து எடுத்து ஊற்றினாள்.

தோசை வெந்தது. கல்லை விட்டு வரவில்லை. சுரண்டினாள், சுருண்டது. கல்லைத் துடைத்து இரண்டாவது ஊற்றினாள். அதுவும் அப்படியே. மூன்றாவதில் புகை கிளம்பியது. இலை முன்னால் உட்கார்ந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய அத்தை எழுந்து வந்தாள். அவளுக்கு உடம்பும் பெரிது, குரலும் பெரிது.

"இன்னாமே இது? கல்லு இன்னாத்துக்கு இப்பிடி வெள்ளையா கீது? எவ வெளக்கனது இத?"

நான்தான் முந்திக்கொண்டேன். "நான்தான் அத்தே! போகியன்னிக்கு நான் ஒருத்தியே வெளக்கனேன். மொகம் தெரியும் பாரு!"

பாராட்டு வரும் என்று நின்றேன். காதுதான் திருகப்பட்டது.

"அடிப் பாவி! எந்தக் காலத்துக் கல்லுடி! கறுப்பு ஏறணும்னா எத்தினி வருசம் ஆவும் தெரிமா? நீயெல்லாம் ஒருத்தன் வூட்டுக்குப் போயி குடும்பம் பண்ணி..." அத்தை மூச்சு வாங்க நிறுத்தினாள். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அம்மா குறுக்கே வந்து என்னை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்டா. நல்ல நாளு அதுவுமா கை நீட்டாதீங்க."

"இப்போ தோசைக்கு இன்னா பண்றது?"

"கல்லத் திரும்பப் பழக்கணும். ரெண்டு நாள் ஆவும்."

பக்கத்து வீட்டுக்கு ஆள் போயிற்று. எதிர்வீட்டுக்குப் போயிற்று. மாட்டுப் பொங்கல் காலையில் எவர் வீட்டுக் கல் சும்மா இருக்கும்? போனவர்கள் கையை விரித்துக்கொண்டு வந்தார்கள். நடு அத்தையின் வீட்டுக்காரர், அந்த மாமாவுக்குப் பசி தாங்காது, இலையைத் தட்டினார்.

"கல்லு இல்லன்னா இட்லியா ஊத்துங்கம்மா. கொழம்பும் கொதிச்சிக்கினு கீது, என் வவுறும் கொதிச்சிக்கினு கீது."

பெரிய அத்தை மாவு குண்டானுக்குள் கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். மாவு கனமாக விழுந்தது. "நல்ல வேளை, கெட்டியாத்தான் கீது" என்றாள். இட்லிப் பானை ஏறியது. துணி போட்டு ஊற்றினார்கள். பெரிய அத்தை ஊற்ற, சின்ன அத்தை எடுக்க, நடு அத்தை பரிமாற. இட்லிக்குக் கைராசி வேண்டாம், ஆவி இருந்தால் போதும். பஞ்சு மாதிரி வந்தது. மாமா பத்தைத் தாண்டியும் நிறுத்தவில்லை.

பதினோரு வருடத்தில் முதல் முறையாக மாட்டுப் பொங்கலன்று அம்மாவுக்கு அடுப்படியில் வேலை இல்லை. ஓரமாக நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"அண்ணி, இவ இங்க இருந்தா ஆளாளுக்கு அடிச்சிக்கினுதான் இருப்பாங்க. நானும் சும்மாதானே நிக்கறேன். இவள இழுத்துக்கினு ஆத்துக்கு அப்பால ஒரு எட்டு போய்ட்டு, பொழுதோட வந்துடறேன்."

"போமே, போ! மொதல்ல இந்தக் குட்டிய என் கண்ணுல படாம இட்டுக்கினு போ!" என்றாள் பெரிய அத்தை.

அக்கா சொன்ன பிறகு அப்பா என்ன சொல்வார்? தவிர, வாய் நிறைய இட்லி.

எங்கள் ஊர்ப் பெருமாள் முன்னால் போய்விட்டிருந்தார். நாங்கள் டவுன் பஸ்ஸில் தொத்திக்கொண்டு திருமுக்கூடல் போய் இறங்கினோம். ஆற்று மணலில் தலை தலையாக ஜனம். அம்மா கடைகளைப் பார்க்கவில்லை, பல்லக்கைப் பார்க்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு மணலில் ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆற்றில் ஒரு ஓரமாகத்தான் தண்ணீர், என் முழங்கால் அளவு. அதைக் கடக்கும்போதே அந்தக் கரையில் இடுப்பில் குழந்தையோடு சித்தி நின்றது தெரிந்துவிட்டது. அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்படி ஒரு குரல் அம்மாவிடம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தை அம்மா மடியில். பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. நடுவில் அம்மா சித்தியின் காதில் ஏதோ சொன்னாள். சித்தி என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கல்லைக் கெடுத்த கதையைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ரோஷம். சித்தி வாங்கிக் கொடுத்த பொரி உருண்டையைக் கொஞ்ச நேரம் தின்னாமல் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம்தான்.

பொழுது சாயும்போது திரும்பினோம். கல்லை அம்மா இரண்டே நாளில் சரி செய்துவிட்டாள். அரிசி கழுவின தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வைத்தாள். மறுநாள் துடைத்துக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி வெயிலில் போட்டாள். பிறகு சின்னத் தீயில் ஏற்றி, வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் குச்சியில் குத்தி எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். வெங்காயம் கறுக்கக் கறுக்க அடுத்தது. முதல் மூன்று தோசை காக்காவுக்கு. நாலாவது எழும்பி வந்தது. மதுராந்தகத்துப் பெண்ணுக்கு நான் சொன்ன யோசனையும் இதேதான். இப்போது அது முறுகலாகப் படம் அனுப்புகிறது.

பெரிய அத்தை மட்டும் சாகும் வரை அந்தக் கதையை விடவில்லை. என் கல்யாணத்துக்கு அவள் வைத்த சீர் ஒரு தோசைக்கல். மணவறையில் எல்லார் முன்னாலும் மாப்பிள்ளையிடம் சொன்னாள்: "யப்பா, இத ஒசரமா மாட்டி வை. உன் பொண்டாட்டி பாத்தா வெளக்கிப்புடுவா." அந்தக் கல்தான் இன்றைக்கும் என் கடையில் முதல் கல்.

கடை ஆரம்பித்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். அம்மா போய் இரண்டு வருடம். வேலைக்குப் புதிதாக வந்த அம்மாள் ஒருத்தி தோசைக்கு மாவரைத்து வைத்திருந்தாள். விரலால் தொட்டேன். நறநறவென்று இருந்தது. "இது இட்லிக்கு அரைச்ச மாவு. தோசைக்கு அரிசி மைய அரையணும், இதுகூடவா தெரியாது?" என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே கை அப்படியே நின்றுவிட்டது.

பொங்கலன்று மத்தியானம் அம்மா அரைத்தது இந்த மாவுதான். தோசைக்குச் சந்தனம் போல அரைக்கிறவள், அன்றைக்கு அரிசியைக் குருணையாக விட்டு, உளுந்தைப் பொங்க அரைத்தாள். கல் ஒட்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரிய இன்னும் ஒரு ராத்திரி இருந்தது. எட்டாத ஆணியில் இருந்த கல், விளக்கும் குவியலின் அடியில் எப்படி வந்தது என்று அத்தனை வருடத்தில் நான் ஒரு முறைகூட யோசித்ததில்லை. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள் நான்.

கேட்பதற்கு அம்மா இல்லை. இருந்திருந்தாலும், உனக்கு இன்னா தெரியும், நீ சின்னப் புள்ள என்றுதான் சொல்லியிருப்பாள்.

அன்றைக்கு ஆற்றைக் கடந்து திரும்பும்போது, தண்ணீர் நடுவில் அம்மா நின்றாள். என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். செங்கல் தூளில் தேய்ந்து, விரல் நுனியெல்லாம் தோல் கிளம்பிச் சிவந்திருந்தது. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி அதன் மேல் ஊற்றினாள்.

"நல்லாத்தாண்டி வெளக்கிக்கீற" என்றாள்.

காலையில் திட்டாததைச் சேர்த்து வைத்து இப்போது குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். பஸ் ஏறும் வரை அழுதுகொண்டே வந்தேன்.